ஊர்க்காசு 14 லட்சம்: காவலரணோ, விழிப்புக்குழுவோ, பெடியளோ?

போன மாசம் குளத்துக்கட்டுச் சந்தியில இருக்கிற அக்காவின்ர கடையை நாலு மோட்டசைக்கிளில வந்தவங்கள் வாளால வெட்டிக் கொத்திப்போட்டுப் போனதுக்குப் பிறகு ஊரில ஆரைக் கண்டாலும் ஒரே கதைதான், இனி என்ன செய்யிறது எண்டு. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு மூண்டும் பொதுநோக்கு மண்டபத்தில ஒண்டா இருந்து கதைச்சது, கனடாவிலயும் சுவிஸிலயும் இருக்கிற எங்கட ஊராக்கள் இதுக்கெண்டு 14 லட்சம் சேர்த்து அனுப்பி இருக்கினம், ஆனா அந்தக் காசை எதில போடுறது எண்டதில தான் மூண்டு நாலு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறம். ஒரு பகுதி பிரதேச செயலாளருக்கும் பொலிசுக்கும் எழுதி எங்கட சந்தியில ஒரு காவலரண் கேப்பம், கட்டிடத்தை நாங்கள் கட்டிக் குடுப்பம் எண்டுது. ஒரு பகுதி லைற்றும் கமராவும் போடுவம் எண்டுது. இளந்தாரியள் கொஞ்சப்பேர் விழிப்புக்குழு போட்டு இரவில நாங்களே நிப்பம் எண்டுகினம். நாலாவது ஒண்டை நான் சொன்னன், இந்த வேலையளுக்குப் போற எங்கட ஊர்ப் பெடியளுக்கே பயிற்சியும் காசும் குடுத்துத் திருப்பி எடுப்பம் எண்டு, அதைக் கேட்ட உடன மண்டபத்தில சத்தம் கூடிட்டுது, அதால ஆறுதலா எழுதுவம் எண்டு தான் இதை எழுதுறன். வாற ஞாயிறு திருப்பிக் கூடேக்க எல்லாரும் இதை ஒருக்கா வாசிச்சிட்டு வந்தா நல்லது.

நான் கம்பஸில படிக்கேக்க தொடங்கி இந்த வன்முறை, குழுக்கள், கள்ளக்கடத்தல் பற்றி உலகத்தில நடந்த ஆய்வுகளைத் தான் வாசிச்சு வாறன். வேற நாட்டுக் கதை வன்னிக்குச் சரிவருமோ எண்டு நீங்கள் கேப்பியள், எல்லாம் சரிவராது தான், ஆனா இந்த நாலு வழியையும் வேற ஊராக்கள் ஏற்கனவே செய்து பாத்திட்டினம், சிலது கனக்க உயிரைக் குடுத்துப் பாத்தது, அதைப் பாக்காமல் நாங்கள் முதல்ல இருந்து தொடங்கிறதில எனக்கு விருப்பமில்லை.

முதல்ல எங்கட பிரச்சினை என்னெண்டதைச் சரியாச் சொல்லோணும். கடை உடைச்சது வெறும் ரவுடித்தனம் இல்லை. அந்த அக்கா இரவில மண் டிப்பர் போறதைப் பற்றி ஆரிட்டயோ கதைச்சிட்டா எண்ட கோவம் தான் அது. ஆத்துமண்ணை அள்ளிறதுக்குச் சட்டப்படி புவிச்சரிதவியல் சுரங்கப் பணியகத்தின்ர அனுமதி வேணும், இரவில ஏத்திறவங்களிட்ட அப்பிடி ஒரு அனுமதியும் இல்லை. டிப்பர் முதலாளி எங்கட ஊர் ஆளில்லை, அவரின்ர முகத்தைக் கூட நாங்கள் கண்டதில்லை. எங்கட ஊரில இருக்கிறது கீழ்மட்டம் தான்: சவள் பிடிச்சு ஏத்திற பெடியள், சந்தியில போனோட நிண்டு பொலிஸ் ஜீப் வருதோ எண்டு சொல்லிற பெடியள், பிறகு ஆரும் வாயைத் திறந்தா வெருட்டப் போற பெடியள். ஒரு இரவு நிண்டாக் கூலிவேலையில ஒரு நாள் உழைக்கிறதை விடக் கூடக் கிடைக்குது. அதோட கஞ்சாவும் ஐஸ் போதையும் அதே ஆக்களின்ர கையால தான் வருது. இவங்கள் கனக்கப் பேரும் இல்லை, எண்ணினா பத்துக்குள்ள. வயசைப் பாத்தா 17இல இருந்து 21. அப்பிடியெண்டா 2009இல முள்ளிவாய்க்காலில இருந்து தூக்கிக்கொண்டு வந்த குழந்தைப்பிள்ளையள், சிலது செட்டிகுளம் முகாமில தான் நடை பழகினதுகள். தகப்பன் இல்லாததுகள் அதுக்குள்ள எத்தினை எண்டு உங்களுக்கே தெரியும்.

காவலரண் கேக்கிற ஆக்களை நான் குறை சொல்லேல்லை. கடைக்கார அக்கா முதல் ஆளாக் கை தூக்கினவா, இரவு ஒரு மோட்டசைக்கிள் சத்தம் கேட்டாலே பிள்ளையளை இழுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடுற ஒரு மனிசி வேற எதைக் கேக்கிறது. எல் சல்வடோர் எண்ட நாட்டிலயும் சனம் இதைத் தான் கேட்டது. அங்க 2003இல இருந்தே இரும்புக்கை எண்டு சொல்லிக் குழுக்காரரைப் பிடிச்சு அடைச்சவை, அடைச்ச இடத்தில, ஜெயிலுக்குள்ளயே, குழுக்கள் இன்னும் இறுக்கமாச் சேந்திட்டுது. 2012இல குழுக்களுக்குள்ள ஒரு சமாதானம் பேசி, கொலை பாதிக்கு மேல குறைஞ்சது, ஆனா ரெண்டு வருசம் கூட நிக்கேல்லை, 2015இல ஒரு லட்சம் பேருக்கு நூறுக்கு மேல கொலை எண்ட அளவுக்குப் போட்டுது. 2022 மார்ச்சில ஒரே வார இறுதியில 87 பேர் செத்தாப்பிறகு சனாதிபதி புக்கேலே அவசரகாலச் சட்டம் போட்டு 80,000க்கு மேற்பட்ட ஆக்களைப் பிடிச்சவர், கொலை உண்மையிலேயே பெரிசாக் குறைஞ்சது, அதை மறைக்கக்கூடாது. ஆனா குற்றம் செய்யாத ஆயிரக்கணக்கான பெடியளும் விசாரணை இல்லாமல் உள்ள கிடக்கிறாங்கள், அந்தத் தாய்மார் ஜெயில் வாசலில நிக்கினம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின்ர படத்தை நெஞ்சில பிடிச்சுக்கொண்டு வருசக்கணக்காக் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில இருந்த தாய்மாரை நாங்கள் எங்கட கண்ணால பாத்தனாங்கள். அந்த வழியை இன்னொருக்காக் கேட்டு வாங்கோணுமோ?

எங்கட நாட்டிலயும் 2023 டிசம்பரில யுக்திய எண்டு பொலிசின்ர போதை ஒழிப்பு ஒப்பரேசன் ஒண்டு தொடங்கினது ஞாபகம் இருக்கும். அடுத்த மாசமே 29,000 பேர் வரை பிடிபட்டிட்டினம் எண்டு சொல்லி ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிப்பாட்டி மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்டவை. பிடிபட்டதில கனபேர் பாவிக்கிற ஆக்களும் சில்லறையா விக்கிற ஆக்களும் தான். இஞ்ச வந்தாலும் அது தான் நடக்கும், சந்தியில போனோட நிக்கிறவன் உள்ள போவான், டிப்பர் முதலாளி அடுத்த கிழமை வேற ஒருத்தனைக் கொண்டு வந்து அந்த இடத்தில நிப்பாட்டுவார்.

மெக்சிக்கோவைப் பற்றி மெலிசா டெல் எண்ட பொருளியலாளர் 2015இல வெளியிட்ட ஆய்வு ஒண்டு இருக்கு, அது எங்களுக்கு நல்லாப் பொருந்தும். போதைக் கும்பலுக்கு எதிரான கடும்போக்குக் கட்சி மயிரிழையில வெண்ட நகரங்களையும், மயிரிழையில தோத்த நகரங்களையும் ஒப்பிட்டுப் பாத்தவா. வெண்ட இடத்தில கொலை கூடினது, ஏனெண்டா இருக்கிற கும்பல் பலவீனமாக அந்தப் பாதையைப் பிடிக்கிறதுக்கு மற்றக் கும்பல் வந்து அடிபட்டது. கடத்தல் நிக்கேல்லை, பக்கத்துப் பாதையால போச்சு. கொலம்பியாவின்ர தலைநகர் பொகோட்டாவில 2016இல 1,919 தெருத்துண்டுகளை எடுத்துக் குலுக்கல் மாதிரித் தெரிஞ்சு சில இடத்தில பொலிஸ் ரோந்தை ரெண்டு மடங்காக்கிப் பாத்தவை, களவு பக்கத்துத் தெருவுக்கு நகந்தது, பாரதூரமான வன்முறை மட்டும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது. எங்கட சந்தியில காவலரண் வந்தா டிப்பர் வாய்க்கால் றோட்டால போகும், அந்தப் பக்கத்து ஊர்ச்சனம் எங்களை என்ன சொல்லும்? அதோட இன்னொண்டும் இருக்கு. எங்கட ஊரில இருந்து கூப்பிடு தூரத்தில ஆமிக் காம்ப் ஒண்டு இத்தினை வருசமா இருக்குது, அதுக்கு முன்னால தான் மண் போகுது. ஆயுதத்தோட ஆக்கள் நிண்டாக் களவு நிக்கும் எண்டா இஞ்ச எப்பவோ நிண்டிருக்கோணும். பின்னேர ரியூசன் முடிஞ்சு வாற பொம்பிளைப் பிள்ளையள் அந்தக் காவலரணைத் தாண்டி வரோணும் எண்டதை மாதர் சங்கத் தலைவி அண்டைக்குச் சொன்னவா, ஆம்பிளையள் ஒருத்தரும் அதுக்குப் பதில் சொல்லேல்லை.

லைற்றைப் பற்றி எனக்குப் பெரிய வாதம் இல்லை, போடத் தான் வேணும். நியூயோர்க்கில 2016இல அரசாங்கக் குடியிருப்புகளில வெளிச்சக் கோபுரம் வைச்சுப் பாத்த ஆய்வில இரவு வெளியில நடக்கிற பாரதூரமான குற்றம் மூண்டில ஒண்டளவு குறைஞ்சிருக்கு. சோலார் லைற் நாலைஞ்சு சந்திக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் போட்டா ரெண்டு லட்சத்துக்குள்ள முடிக்கலாம். கமரா வேண்டாம் எண்டு தான் நான் நினைக்கிறன், அந்த ரெக்கோடிங்கை ஆர் பாக்கிறது, ஆற்ற வீட்டில வைக்கிறது, அந்த வீட்டுக்கு முதல்ல வாள் வரும்.

விழிப்புக்குழு கொஞ்சம் சிக்கலான விசயம். இது நல்லா வந்த இடமும் இருக்கு, நாசமாப் போன இடமும் இருக்கு. பெரு நாட்டில கஹமார்க்கா எண்ட மலைப்பக்கத்தில 1976 கடைசியில மாட்டுக் களவு தாங்கேலாமல் கமக்காரச் சனம் ரோந்துக் குழு தொடங்கினது, எங்கட மாட்டுக் களவு போலத் தான், இரவில அவிழ்த்துக்கொண்டு போய்க் காலமை வெட்டி வித்துப்போடுவாங்கள். அங்க ஒவ்வொரு வீட்டு ஆளும் முறை வைச்சு நிண்டவை, பிடிபட்டவனை என்ன செய்யிறது எண்டதை ஊர் கூடி எல்லாற்ற முன்னாலயும் தான் தீர்மானிச்சது. மாட்டுக் களவு நல்லாக் குறைஞ்சு, பிறகு காணிச் சண்டை, குடும்பச் சண்டை கூட அங்க தான் தீர்ந்தது. இதுக்கு எதிர்ப்பக்கம் மெக்சிக்கோவில மிச்சோவாகான் மாநிலம், 2013இல சனம் துவக்குத் தூக்கிக் கும்பலைக் கலைச்சது, அடுத்த வருசம் அரசாங்கம் அவையளுக்குச் சட்ட அந்தஸ்தும் குடுத்தது, ஆனா உள்ளுக்க கும்பல் ஆக்களும் பூந்து, கொஞ்ச நாளில காவல் குழு ஆர், கள்ளர் ஆர் எண்டு பிரிச்சுப் பாக்கேலாத நிலைக்குச் சில இடம் போட்டுது.

எங்கட குழு இதில எதுவா வரும்? முறை வைச்சு எல்லா வீடும் நிக்கும் எண்டா நானும் ஒரு முறை நிக்கிறன். ஆனா அண்டைக்குக் கை தூக்கின பத்துப் பேரையும் பாத்தா முழுக்க ஒரு பக்கத்து ஆக்கள், விளையாட்டுக் கழகத்தின்ர ஒரு அணி. மற்ற அணியில தான் சவள் பிடிக்கிற பெடியளின்ர ஒண்டுவிட்ட தமையன்மார் இருக்கினம். ஒருத்தனைப் பிடிச்சு ரெண்டு அடி போட்டா அது மண் பிரச்சினையா நிக்காது, குடும்பப் பிரச்சினையாகும், கோவில் திருவிழாவில வெடிக்கும். இன்னொண்டு, வன்னியில காட்டிக்குடுக்கிறது எண்ட சொல்லுக்கு இருக்கிற பாரம் உங்களுக்கு விளங்கும். ஒரு வீட்டுக்கு அந்தப் பேர் விழுந்தா ரெண்டு தலைமுறைக்குப் போகாது. அதால குழு போடுறதெண்டா மாட்டுக் களவுக்கும் குளக்கட்டுக்கும் மட்டும், தடி வாள் இல்லாமல், கமக்காரர் அமைப்பின்ர பேரில, வீட்டுக்கு ஒராள் முறை எண்டு போடுங்கோ, அப்பிடியில்லையெண்டா வேண்டாம்.

இனி நான் சொன்ன நாலாவதுக்கு வாறன். லைபீரியா எண்டு மேற்கு ஆபிரிக்காவில ஒரு நாடு, 14 வருசத்துக்கு இடையில ரெண்டு உள்நாட்டுச் சண்டை நடந்து 2003இல முடிஞ்சது. சண்டையில இருந்த பெடியளும் சண்டைக்குள்ள வளந்த பெடியளும் தலைநகர் மொன்றோவியாவில களவு, போதை, கத்திவெட்டு எண்டு திரிஞ்சவங்கள். கிறிஸ் பிளட்மன், ஜூலியன் ஜேமிசன், மார்கரெட் ஷெரிடன் எண்ட மூண்டு பேர், அங்கத்தைய ஒரு அமைப்போட சேந்து, ஊரில எல்லாரும் பயப்பிடுற 999 பெடியளைத் தேடிப் பிடிச்சு நாலு பங்காப் பிரிச்சவை, பிரிச்சதும் குலுக்கல் முறையில தான், ஆளைப் பாத்து இல்லை. ஒரு பங்குக்கு எட்டுக் கிழமை உளவளப் பயிற்சி மட்டும். ஒரு பங்குக்கு 200 டொலர் காசு மட்டும். ஒரு பங்குக்குப் பயிற்சியும் குடுத்துப் பிறகு காசும். கடைசிப் பங்குக்கு ஒண்டுமில்லை.

பயிற்சி எண்டா உடன கதிரையில இருத்திப் புத்திமதி சொல்லுறது எண்டு நினைக்காதேங்கோ, அதைத் தான் எங்கட பெடியளுக்கு எல்லா நிறுவனமும் பனர் கட்டி ரெண்டு மணித்தியாலம் சொல்லிப்போட்டு ரீயும் பணிசும் குடுத்திட்டுப் போகுது. இது அப்பிடியில்லை. கோவம் வந்தா உடன கை நீட்டாமல் மூச்சை விட்டு அவ்விடத்தால விலகிறது எப்பிடி, கையில காசு வந்தா அண்டைக்கே முடிக்காமல் வைக்கிறது எப்பிடி எண்டு சின்னச் சின்னதாச் செய்து பழக்கிறது. குளிச்சு முடி வெட்டி நல்ல உடுப்புப் போட்டு ஒரு பாங்குக்குள்ளயோ பெரிய கடைக்குள்ளயோ போய்க் கதைச்சுப்போட்டு வா எண்டு அனுப்புறது, வந்து மற்றவங்களுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லோணும். ஊர் தன்னைக் கள்ளனெண்டு பாக்கிற மாதிரியே தானும் தன்னைப் பாத்துப் பழகின ஒருத்தனுக்கு அது சின்ன விசயமில்லை. முக்கியமா, பழக்கினவையில கனபேர் ஒரு காலத்தில அதே மாதிரித் திரிஞ்சு, சண்டையில இருந்து, பிறகு திருந்தி வந்த ஆக்கள். கொழும்பில இருந்து வாற கவுன்சிலர் இல்லை.

காசு மட்டும் வாங்கினவங்கள் பயப்பிட்ட மாதிரிக் குடிச்சு அழிக்கேல்லை, கனபேர் சின்ன வியாபாரம் போட்டவங்கள், ஆனா களவு போய் நட்டப்பட்டு ஒரு வருசத்தில பழைய இடத்துக்கு வந்திட்டாங்கள், குற்றமும் குறைஞ்சு நிக்கேல்லை. பயிற்சி மட்டும் எடுத்தவங்களிட்ட முதல் கொஞ்ச மாசம் நல்ல மாற்றம், பிறகு தேய்ஞ்சு போச்சு. ரெண்டும் கிடைச்சவங்களிட்ட மட்டும் மாற்றம் நிண்டது. பத்து வருசம் கழிச்சு அதே ஆக்களைத் தேடிப் போய்ப் பாத்தவை, அப்பவும் களவு, சண்டை, போதை விக்கிறது எல்லாம் ஒண்டும் கிடைக்காத பங்கை விடப் பாதியளவில தான் இருந்தது. ஒராளுக்குச் செலவு 530 டொலர் அளவில, இண்டைய ரேட்டில ஒண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. பயிற்சி பழக்கத்தை மாத்தினது, காசு அந்தப் புதுப் பழக்கத்தோட கொஞ்சக் காலம் வாழ்ந்து பாக்கிறதுக்கு இடம் குடுத்தது, எனக்கு விளங்கின விளக்கம் இது தான். சிக்காகோவில பள்ளிக்கூடப் பெடியளுக்கு இதே மாதிரிப் பயிற்சி நடந்த காலத்தில வன்முறைக்குப் பிடிபடுறது பாதிக்குக் கிட்டக் குறைஞ்சது, பயிற்சி முடிய அதுவும் மங்கிப் போச்சு. அதால தான் பயிற்சியை மட்டும் செய்துபோட்டுக் காசைப் பிறகு பாப்பம் எண்டு மாஸ்ரர் ஒருத்தர் சொன்ன யோசனைக்கு நான் ஒத்துக்கொள்ளேல்லை.

எங்களுக்கும் லைபீரியாவுக்கும் வித்தியாசம் இருக்கு. அங்க கனபேர் றோட்டில படுத்த பெடியள், இஞ்ச எல்லாருக்கும் ஒரு வீடு, ஒரு தாய் அல்லது அம்மம்மா இருக்கு, அது எங்களுக்குச் சாதகம். பாதகம் என்னெண்டா இஞ்ச பின்னால ஒரு டிப்பர் முதலாளி இருக்கிறார், ஒருத்தன் விலகினா அவனை வெருட்டுவார். அதுக்கு அமெரிக்காவில பொஸ்டன் நகரத்தில 1996இல செய்ததைக் கொஞ்சம் எடுக்கலாம், பொலிசும் போதகர்மாரும் சமூக வேலைக்காரரும் ஒண்டா இருந்து குழுக்காரரைக் கூப்பிட்டு, விலகிறவனுக்கு உதவி, வெடி வைச்சாக் குழு முழுக்கப் பதில் சொல்லோணும் எண்டு முகத்துக்கு நேர சொன்னவை, இளம் வயசுக்காரரின்ர கொலை 63 வீதம் குறைஞ்சது எண்டு அந்த மதிப்பீடு சொல்லுது. எங்கட ஊரில அந்தச் சொல்லைச் சொல்ல ஐயரும் பாதரும் பள்ளிக்கூட அதிபரும் போதும். டிப்பருக்கு எதிராத் தனி ஒரு வீடு முறைப்பாடு குடுக்கிறதை விட்டிட்டு, ஆத்தங்கரை அரிக்குது, குளக்கட்டுப் பழுதாகுது எண்டு கமக்காரர் அமைப்பின்ர கடிதத் தலைப்பில மாவட்டச் செயலகத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் சுரங்கப் பணியகத்துக்கும் ஒரே நாளில அனுப்புவம், நூறு கையெழுத்து இருந்தா ஆற்ற கடையை வெட்டுறது?

ஒரு விசயம் கட்டாயம் சொல்லோணும். இதுக்குப் புனர்வாழ்வு எண்டு மட்டும் பேர் வைக்காதேங்கோ. சண்டை முடிய 12,000 பேரளவில புனர்வாழ்வு எண்ட பேரில உள்ள இருந்திட்டு வந்தவை, இண்டைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டா எங்கட வீடுகளில கதை நிண்டிடும். போதைக்கெண்டு ராணுவம் பாத்த கந்தகாட்டு நிலையத்தில 2022 ஜூனில ஒருத்தர் செத்தாப்பிறகு நூற்றுக்கணக்கான பேர் உடைச்சுக்கொண்டு ஓடினது செய்தியில வந்தது, எந்தத் தாய் பிள்ளையை அந்தப் பேரில அனுப்புவா. தச்சு வேலைக் கொட்டில் எண்டு சொல்லுவம், மோட்டசைக்கிள் திருத்திற இடம் எண்டு சொல்லுவம், பின்னேரம் அங்க வரட்டும். பழக்கிறதுக்கு ஆள் வேணுமெண்டா எங்கட ஊரிலயே குடியை விட்டு ஏழெட்டு வருசமா நேரா நிக்கிற ரெண்டு அண்ணைமார் இருக்கினம், அவையளோட நான் கதைச்சிட்டன், மாவட்ட ஆஸ்பத்திரி உளவளத்துறையில வேலை செய்யிற ஒரு அக்காவும் சனிக்கிழமையில வந்து சொல்லித் தாறன் எண்டவா.

கணக்கு இப்பிடி வருது: லைற்றுக்கு ரெண்டு லட்சம், ஒராளுக்கு ஒண்டரைக்குக் கொஞ்சம் மேலயெண்டு ஏழு பெடியளுக்குப் பதினொரு லட்சமளவில, மிச்சம் ஒரு லட்சம் கடைக்கு. அந்த ஒரு லட்சம் தான் முதல்ல குடுக்கப்படோணும், பெடியளுக்கு ஒரு சதம் போக முதல். ஏனெண்டா அக்கா மண்டபத்தில எழும்பி என்ர முகத்தைப் பாத்துக் கேட்டவா, "என்ர கடையை வெட்டினவனுக்கே நீங்கள் காசு குடுக்கப் போறியளோ தம்பி? நான் ஆரையடா வெட்டினனான், எனக்கு ஆர் தாறது?" எண்டு. அண்டைக்கு என்னிட்டப் பதில் இருக்கேல்லை. ஆய்வில இந்தக் கேள்விக்கு ஒரு இலக்கமும் இல்லை. அவா கேட்டது ஞாயம், அதை ஓரமா வைச்சிட்டு மற்றதைச் செய்தா இந்தக் காசு ஊரை ரெண்டாக்கும்.

ஏழு பேரின்ர பேர் என்ர கொப்பியில இருக்கு, மண்டபத்தில வாசிக்க மாட்டன். அதில ரெண்டு பேரின்ர தாய்மார் தாங்களா வந்து எழுதச் சொன்னவை, ஒராள் இருட்டினாப்பிறகு பின்வளவால வந்தவா. கடை வெட்டின இரவு நிண்டவன் ஒருத்தனும் அதுக்குள்ள இருக்கிறான், கதவு நிலையும் தட்டும் தானே அடிச்சுக் குடுக்கிறன் எண்டு சொல்லுறான், ஆனா அக்காவின்ர முகத்தில முழிக்கப் பயம் எண்டுறான். நான் போன கிழமை அக்காவிட்டப் போனன், ரீ தந்தவா, இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. வாற சனிக்கிழமை மாதர் சங்கத் தலைவியையும் கூட்டிக்கொண்டு திருப்பிப் போறன். அக்கா ஓமெண்டா ஞாயிறு அந்த ஏழு பேருக்குக் கை தூக்குங்கோ, இல்லையெண்டா இன்னும் ஒரு மாசம் பொறுப்பம், காசு சங்கத்தின்ர பாங்க் புத்தகத்திலயே கிடக்கட்டும்.